சிறு பிள்ளைகளுக்குக் கணிப்பொறிப் பாடம்



இவ்வாரப் பாடம் பெரியவர்களுக்கென்று எழுதப்பட்டாலும், இதனால் பலனடைய வேண்டியவர்கள் ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள நம் பிள்ளைகள். ஆகையால் இராச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும்போது ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பது உத்தமம். பாட்டிமாரும் கூட இருக்கட்டும். தகப்பன் ஏரிக்கும் தாய் மீன் சந்தைக்கும் போன நேரத்தில் பிள்ளையையும் செல்போனையும் ஒன்றாகக் காவல் காப்பவர்கள் அவர்களே அல்லவா?

காட்டூரிலும் அதைச் சுற்றியுள்ள ஏரிக்கரை ஊர்களிலும் ஒரு பையன் தனியே படகேறுவதற்கு முன் எத்தனை காரியங்களைக் கற்றுக்கொள்கிறான்! நீந்தத் தெரிய வேண்டும். எங்கே சேறு, எங்கே ஆழம் என்று அறிய வேண்டும். முகத்துவாரத்தில் நீர் எந்த நேரத்தில் உள்ளே ஏறும், எந்த நேரத்தில் வெளியே இழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தகப்பனும் சிற்றப்பனும் அருகிலிருந்து சொல்லிச் சொல்லி ஆண்டுக்கணக்கில் பழக்குகிறார்கள். ஆனால் செல்போனை மாத்திரம் நாம் எப்படிக் கொடுக்கிறோம்? அழுத பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சிறு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கடல் எந்தக் கடலைக் காட்டிலும் பெரியது என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் பள்ளிக் கதவு மறுபடியும் திறந்தது. அந்தப் பத்தொன்பது மாதங்களில் பாடம் செல்போன் வழியாக வீட்டுக்குள் வந்தது. கடன் வாங்கியாவது ஒரு செல்போன் வாங்கினோம். பின்பு பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. செல்போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அதை நல்லபடி ஆளும் வித்தையை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1. இரண்டு செய்திகள்

இது ஏதோ பட்டணத்துப் பிள்ளைகளின் விஷயம் என்று நினைக்கிறவர்கள், கரையோர ஊர்களில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தி, அவற்றில் கணிப்பொறிகளை வைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய செய்தியைக் கணிப்பொறியில் எடுத்து, ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவித்து வந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் கடற்கோள் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து, உடனே ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிர் தப்பினார்கள்.

இரண்டாவது சம்பவத்தைச் சொல்ல நாவெழவில்லை. ஆயினும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது நம் பழவேற்காட்டிலேயே நடந்தது. 2018 மே மாதத்தில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்ற பொய் வாட்ஸப் மூலம் கை மாறிக் கை மாறிப் பரவிற்று. அந்தப் பயத்தில் ஒரு கூட்டம், ஆதரவில்லாமல் அலைந்துகொண்டிருந்த ஒரு மனிதரைப் பிடித்து அடித்துக் கொன்று, உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது. அவர் எந்தப் பிள்ளையையும் பிடிக்கவில்லை. அதே வாரத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த வயதான அம்மாள் ஒருவரும் இதே சந்தேகத்தால் கொல்லப்பட்டார். நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்தபடியால், அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது.

பெற்றோரே, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு செய்திகளும் கம்பியில்லாமலும் கம்பி வழியாகவும் வந்த செய்திகளே. ஒன்று ஓர் ஊரைக் காப்பாற்றிற்று; மற்றொன்று ஒரு மனிதரின் உயிரைக் குடித்தது. வேறுபாடு எங்கே இருந்தது? நல்லவாட்டில், செய்தி சொன்னவர் இன்னார் என்று வீட்டாருக்குத் தெரியும். எங்கிருந்து, எதைப் பார்த்துச் சொல்கிறார் என்றும் தெரியும். பழவேற்காட்டில் பரவிய செய்தியை முதலில் சொன்னவர் யார்? ஒருவருக்கும் தெரியாது. அதை அனுப்பியவர்களில் அநேகர் கெட்டவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைகளின்மேல் உள்ள பாசத்தினாலேயே அனுப்பினார்கள். பாசமிருந்தது; பகுத்தறியும் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தைச் சிறு வயதிலேயே ஊட்டுவதுதான் நாம் இங்கே பேசும் பாடத்தின் முதல் நோக்கம்.

2. கணிப்பொறிப் பாடம் என்றால் என்ன?

செல்போனைத் தள்ளித் தள்ளிப் படம் பார்க்கத் தெரிந்த பிள்ளையைக் கண்டு, "எங்கள் பையனுக்கு எல்லாம் தெரியும்" என்று சிலர் மகிழ்ந்துகொள்கிறார்கள். இது தவறு. பஸ்ஸில் ஏறி உட்காரத் தெரிந்தவன் பஸ் ஓட்டத் தெரிந்தவன் ஆகமாட்டான். கணிப்பொறியை உபயோகிப்பது வேறு. அது எப்படி வேலை செய்கிறது, யார் சொன்னபடி வேலை செய்கிறது என்று அறிவது வேறு.

அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் 1967ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கென்று லோகோ என்ற கணிப்பொறி மொழியை உண்டாக்கினார்கள். இயந்திரம் பிள்ளையை நடத்துவதற்குப் பதிலாகப் பிள்ளை இயந்திரத்தை நடத்தவேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கையின் சாரம். அதே வழியில் 2007ல் ஸ்கிராச் என்னும் மொழியும், 2014ல் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக ஸ்கிராச் ஜூனியரும் வந்தன. இவை இலவசமானவை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் படக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு பூனையை நடக்கவும் குதிக்கவும் செய்யலாம்.

இங்கிலாந்து தேசத்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே இது பாடத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லுதல், சொன்னதில் பிழையிருந்தால் கண்டுபிடித்துத் திருத்துதல் ஆகியவற்றோடு, தன் சொந்த விவரங்களை இரகசியமாக வைத்துக்கொள்வதும், மனதைக் கலக்கும் எதையேனும் கண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் அங்கே முதல் பாடங்கள். அவ்வளவு தூரம் போவானேன்? அண்டையிலுள்ள கேரளத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் 'களிப்பெட்டி' என்ற கணிப்பொறிப் பாடநூல் உண்டு. களிப்பெட்டி என்றால் விளையாட்டுப் பெட்டி.

நம் நாட்டு நிலை என்ன? 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில், கணிப்பொறி பற்றிய பாடம் ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் ஆரம்பமாகிறது. ஸ்கிராச் பத்தாம் வகுப்பில் வருகிறது. தொடக்கப் பள்ளிகளில் கருவிகள் வராமலில்லை. 2024 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டன. ஆசிரியர்களின் கைக்குக் கணினிப் பலகைகள் வந்தன. இவை கணக்கையும் தமிழையும் படம் காட்டி நடத்த மிகவும் பிரயோஜனமானவை. ஆனால் கணிப்பொறியைக் கொண்டு பாடம் நடத்துவது ஒன்று. கணிப்பொறியைப் பற்றியே பாடம் நடத்துவது மற்றொன்று. பிள்ளை கையில் செல்போனை எடுப்பது நான்கு வயதில், அதைப் பற்றிய பாடம் வருவது பதினொரு வயதில் என்றால், இடையிலுள்ள ஏழு வருஷமும் அவனுக்கு உபாத்தியாயர் யார்? முகம் தெரியாதவர்கள் அல்லவா?

3. இயந்திரம் இல்லாமலே நடத்தக்கூடிய பாடம்

"எங்கள் வீட்டில் கணிப்பொறி ஏது? நாங்கள் எப்படிச் சொல்லித் தருவோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நியூசிலாந்து நாட்டில் கான்டர்பரி சர்வகலாசாலையைச் சேர்ந்த டிம் பெல் என்ற பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் 1990களில் இதற்கு விடை கண்டார்கள். கணிப்பொறியின் தத்துவங்களைச் சீட்டு, கயிறு, சுண்ணக்கட்டி இவற்றைக் கொண்டே விளையாட்டாகக் கற்பிக்கலாம் என்று காட்டினார்கள். அந்த முறை பல தேசங்களில் பரவியிருக்கிறது. நம் ஏரிக்கரைக்கு ஏற்ற மூன்று பயிற்சிகளை இங்கே கொடுக்கிறோம்.

முதற் பயிற்சி, பாட்டு முறை. நம் ஏரியில் மீன்படும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' வழக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டே வளர்கிறார்கள். முற்றத்தில் மூன்று வட்டங்கள் போட்டு 1, 2, 3 என்று எழுதுங்கள். இவை மூன்று பாடுகள். மூன்று பிள்ளைகளை மூன்று வலைக்காரராக நிறுத்துங்கள். விதி ஒன்றே: ஒவ்வொரு நாளும் எல்லோரும் அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டும், மூன்றில் நின்றவர் ஒன்றுக்கு வரவேண்டும். நான்காம் நாள் எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதைப் பிள்ளைகள் காண்பார்கள். பின்பு கேளுங்கள்: பத்தாம் நாள் யார் எங்கே நிற்பார்? ஒவ்வொரு நாளாக நடந்து பார்க்கும் பிள்ளை ஒருவன். பத்தை மூன்றால் வகுத்து மீதி ஒன்று, ஆகவே முதல் நாளைப் போலவே என்று சொல்லும் பிள்ளை ஒருத்தி. இரண்டு விடையும் சரி. இரண்டாவது வழி சுருக்கம். ஒருவர் காய்ச்சலில் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று அடுத்தபடியாகக் கேளுங்கள். 'அப்படியானால் இப்படி' என்று பிள்ளைகளே ஒரு விதியைச் சேர்ப்பார்கள். இரண்டு பேர் ஒரே வட்டத்தில் வந்து முட்டிக்கொண்டால் சண்டை வேண்டாம். எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணிப்பொறிக்கு உத்தரவு எழுதுகிறவர்கள் செய்வது இதுவே. இன்னும் ஒன்று: கணிப்பொறி ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்வதாக நமக்குத் தோன்றும். உள்ளே பார்த்தால், அதுவும் வேலைகளுக்கு முறை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறு பங்காகத் தன் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. நம் முன்னோர் ஏரியில் கண்ட நியாயம் அந்த இயந்திரத்திலும் நடக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தன் ஊரின் வழக்கத்தில் அறிவு இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, கணிப்பொறியைக் கண்டு பயப்படமாட்டான்.

இரண்டாம் பயிற்சி, எடைப்படி அடுக்குதல். நான்கு கூடைகளில் நான்கு, இரண்டு, ஐந்து, ஒன்று என்ற கணக்கில் கிளிஞ்சல்களைப் போட்டு வரிசையாக வையுங்கள். விதி: பக்கத்துப் பக்கத்துக் கூடைகள் இரண்டை மட்டும் ஒப்பிடலாம், இடப்பக்கத்தது பெரிதாயிருந்தால் இடம் மாற்றலாம். இடமிருந்து வலமாக ஒருமுறை போய் வந்தால் 2, 4, 1, 5 என்றாகும். இரண்டாம் முறை 2, 1, 4, 5. மூன்றாம் முறை 1, 2, 4, 5. பெரியது ஒவ்வொன்றாகக் கடைசிக்குப் போய்ச் சேருவதைப் பிள்ளைகள் ஆச்சரியத்தோடு பார்ப்பார்கள். மொத்தத்தையும் பாராமல், சிறு விதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தே பெரிய காரியத்தை முடிக்கலாம் என்பது இதன் பாடம்.

மூன்றாம் பயிற்சி, முடிவை வெட்டிய கதை. பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள்: ஒரு மனிதன் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இங்கே நிறுத்தி, அவன் நல்லவனா கெட்டவனா என்று கேளுங்கள். எல்லோரும் கெட்டவன் என்பார்கள். பிறகு முடிவைச் சொல்லுங்கள்: பின்னால் மாடு முட்ட வந்தது. 2018ல் இந்தியாவெங்கும் பரவிய பிள்ளை பிடிக்கும் படங்களில் ஒன்று இப்படிப்பட்டதே. குழந்தைகளைக் கவனமாகப் பாருங்கள் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை செய்ய, பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் எடுக்கப்பட்ட படம் அது. படத்தின் முடிவில் குழந்தையைத் திருப்பி விட்டுவிடுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டு, மற்றதை நிஜம் என்று அனுப்பினார்கள். படம் பொய் சொல்லாது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இப்பயிற்சியைச் செய்த பிள்ளை, எந்தப் படத்தைக் கண்டாலும், "இதற்கு முன்னும் பின்னும் என்ன?" என்று கேட்கப் பழகுவான்.

4. பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய வினா விடை

*வினா:* முகம் தெரியாத ஒருவர் விளையாட்டின் நடுவே, "நானும் உன் வயதுப் பிள்ளைதான்" என்று எழுதினால் நம்பலாமா?
*விடை:* நம்பக்கூடாது. செல்போனில் எவரும் எந்த வயதையும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். நான் பதில் எழுதாமல் வீட்டில் சொல்லுவேன்.

*வினா:* யாருக்கும் சொல்லக்கூடாத விவரங்கள் எவை?
*விடை:* என் முழுப்பெயர், பள்ளிக்கூடம், தெரு, வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம், என் படம் ஆகியவை.

*வினா:* செல்போனுக்கு வரும் இரகசிய எண்ணை யாரேனும் கேட்டால்?
*விடை:* சொல்லமாட்டேன். பாங்கிக்காரர் என்றாலும், போலீஸ் என்றாலும், உறவினர் என்றாலும் சொல்லமாட்டேன்.

*வினா:* நமக்குப் பணம் வருவதற்கு நம் இரகசிய எண்ணைப் போட வேண்டுமா?
*விடை:* வேண்டியதில்லை. இரகசிய எண்ணைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும்; வராது.

*வினா:* அப்பாவின் குரலிலேயே ஒருவர் பேசி அவசரமாகப் பணம் கேட்டால்?
*விடை:* இக்காலத்தில் குரலையும் முகத்தையும் இயந்திரத்தால் போலியாகச் செய்கிறார்கள். எங்கள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த வீட்டுச் சொல்லைக் கேட்பேன். சொல்லாவிட்டால் வைத்துவிடுவேன்.

*வினா:* ஒரு செய்தியை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?
*விடை:* முதலில் சொன்னவர் யார்? எந்த ஊரில், எந்த நாளில் நடந்தது? வேறு யாரேனும் இதைச் சரிபார்த்தார்களா? இம்மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அனுப்பமாட்டேன்.

*வினா:* கண்ணுக்கும் மனதுக்கும் தகாத ஒன்று தானாக வந்துவிட்டால் அது உன் குற்றமா?
*விடை:* என் குற்றம் அல்ல. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லுவேன்.

*வினா:* "இதை உன் வீட்டில் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால்?
*விடை:* அதையே முதலில் வீட்டில் சொல்லுவேன்.

5. பெற்றோரின் கடமை

பிள்ளைகளின் பாடம் முடிந்தது. இப்போது நம் பாடம். மேலேயுள்ள விடைகளில் "வீட்டில் சொல்லுவேன்" என்ற வார்த்தை எத்தனை முறை வருகிறது என்று கவனித்தீர்களா? அந்த வார்த்தை நிறைவேறுவது பிள்ளையின் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. தகாததைக் கண்டு பயந்து வந்து சொல்லும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது அடி என்றால், அவன் இரண்டாம் முறை சொல்லமாட்டான். தீயவர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே. "வீட்டில் தெரிந்தால் உன்னை அடிப்பார்கள்" என்று சொல்லித்தான் அவர்கள் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். பிள்ளையை அடக்கிவைக்கும் கயிற்றை நம் கோபத்திலிருந்தே அவர்கள் திரிக்கிறார்கள். ஆகையால், சொல்ல வந்த பிள்ளையைத் தண்டிப்பதில்லை என்று தாயும் தகப்பனும் சேர்ந்து ஒரு தீர்மானம் செய்துகொள்ளுங்கள். அதைப் பிள்ளையின் காது கேட்கவும் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் விஷயம். ஏதேனும் ஆபத்து என்று கேள்விப்பட்டால், மகனிடம் செல்போனை விட்டுவிட்டு மகளிடமிருந்து மட்டும் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இது காவல் ஆகாது. நீந்தத் தெரியாதவளைக் கரையிலேயே நிறுத்தி வைத்தால், வெள்ளம் கரைக்கு வரும் நாளில் என்ன செய்வாள்? நாளைக்கு அவளுடைய படிப்பும் பிழைப்பும் பாங்கிக் கணக்கும் அந்த இயந்திரத்தின் வழியாகவே நடக்கப்போகின்றன. மகனுக்கும் மகளுக்கும் ஒரே பாடம், ஒரே விதி.

மூன்றாவது, நமது பணம். மீன் விற்ற காசு இப்போது செல்போனிலேயே வந்து சேருகிறது. அப்படியானால் செல்போன் நம் மடிப்பை அல்லவா? மடிப்பையைப் பிள்ளையின் விளையாட்டுக்குக் கொடுப்போமா? பணம் அனுப்பும் செயலிக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். அந்த எண்ணைப் பிள்ளையின் எதிரில் அழுத்தாதீர்கள். பணம் கட்டி ஆடும் விளையாட்டுக்களைத் தடைசெய்து 2025ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் அழிந்த பிறகே அச்சட்டம் வந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, நாமே செய்யும் தவறு. முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் ஆகியவை 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று தங்கள் விதிகளிலேயே சொல்லியிருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய்யான பிறந்த தேதி போட்டுக் கணக்குத் திறந்து கொடுப்பவர் யார்? அநேகமாக அண்ணனோ மாமாவோதான். ஆஸ்திரேலிய தேசத்தில் 2025 டிசம்பர் 10ஆம் தேதி முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக வலைதளக் கணக்கே கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் தேசத்திலும், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சட்டம் வாசலைக் காக்கலாம். கொல்லைக் கதவை நாமே திறந்து வைத்தால் என்ன பயன்?

6. ஆபத்து நேர்ந்தால்

பணம் மோசடியாகப் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்கக்கூடும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அது பல கணக்குகளுக்கு மாறிப் போய்விடும்.

பிள்ளைக்கு எவரேனும் தொல்லை கொடுத்தால், 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண்; இரவும் பகலும் உண்டு. பிள்ளையே பேசலாம். வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. தகாத படமாயிருந்தால் அதை வேறெவருக்கும் அனுப்பாமல் செல்போனோடு போலீஸ் நிலையத்தில் காட்டுங்கள். பிள்ளைகளைத் தகாத விதத்தில் காட்டும் படங்களை எடுப்பதும் பரப்புவதும் மட்டுமல்ல, தேடிப் பார்ப்பதும் கூடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றமாகும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரும் அடையாளமும் வெளியாகாதபடி காக்கிறது. "ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்ற பயத்தால் மூடி மறைக்க வேண்டியதில்லை.

7. பள்ளிக்கூடத்தில் நாம் கேட்கவேண்டியது

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் பெற்றோர்களே பெரும்பான்மை. கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்புவதோடு நில்லாமல், தலைமையாசிரியரிடம் மரியாதையாக இரண்டு காரியங்களைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு அரைமணி நேரம், மேலே சொன்னது போன்ற பயிற்சிகளைப் பிள்ளைகளுக்கு நடத்த முடியுமா? வருஷத்தில் ஒருமுறையாவது பெற்றோர்களை அழைத்துச் செல்போன் காவல் பற்றி விளக்க முடியுமா? புதிய கருவி வேண்டியதில்லை; சுண்ணக்கட்டியும் மனமும் போதும். ஊரில் கல்லூரியில் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். ஞாயிறு ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் கால்மணி நேரம் வினா விடையைச் சொல்லிக் கொடுக்க அவர்களால் முடியும்.

இயந்திரத்தை ஆளுகிற பிள்ளைக்கு முன்மாதிரி வேண்டுமானால், அர்ச். கார்லோ அக்குத்திஸைக் காட்டலாம். 1991ல் பிறந்து இத்தாலியில் வளர்ந்து, 2006ல் பதினைந்தாம் வயதில் இறந்த அந்தப் பையன், கணிப்பொறி வித்தையைத் தானே கற்று, தேவநற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து ஓர் இணையதளம் அமைத்தான். விளையாட்டுக் கருவியும் அவனிடம் இருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டான் என்று அவன் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி பதினான்காம் சிங்கராயர் பாப்பு அவனை அர்ச்சியசிஷ்டனாக உயர்த்தினார். செல்போனைக் கண்டு அஞ்சவுமில்லை, அதற்கு அடிமையாகவுமில்லை.

இவ்வார வேலை

ஒன்று: வீட்டுச் சொல் ஒன்றை எல்லோரும் கூடித் தேர்ந்தெடுங்கள். அதை எங்கும் எழுதி வைக்கவேண்டாம்.

இரண்டு: 1930, 1098 என்ற இரண்டு எண்களையும் சுவரில், பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதுங்கள்.

மூன்று: பாட்டு முறை விளையாட்டை ஒரு மாலையில் விளையாடுங்கள். நான்காவது வலைக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தால், மூன்று பாடுகளை எப்படிப் பங்கிடுவது? பிள்ளைகளின் விடையை அடுத்த ஞாயிறு கொண்டுவரட்டும்.

நான்கு: உங்கள் செல்போனுக்கு இந்த வாரம் வரும் "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற செய்திகளில் ஒன்றை எடுத்து, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால், பிள்ளையின் கையாலேயே அதை அழிக்கச் சொல்லுங்கள்.